டேட்டாமேஷன்: கணினிக்காரர்களின் பத்திரிகையும் அவர்களுடைய சிரிப்பும்

கேள்வி இது: ‘கணினி வரலாறு பற்றி எதைப் படித்தாலும் டேட்டாமேஷன் என்ற பழைய அமெரிக்கப் பத்திரிகையின் பெயர் வருகிறது. தொழில் பத்திரிகை என்கிறார்கள். ஆனால் அதிலிருந்து எடுத்துக்காட்டுவதெல்லாம் நகைச்சுவைக் கட்டுரைகளாகவே இருக்கின்றன. அப்படி என்ன பத்திரிகை அது?’

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டேட்டாமேஷன் நகைச்சுவைப் பத்திரிகை அல்ல. புது இயந்திரங்களின் அறிவிப்பு, கம்பெனிச் செய்திகள், மாநாட்டு அறிக்கைகள், எந்த கம்பைலர் (எழுதிய புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள்) தேவலை என்ற வாக்குவாதம், பக்கம் பக்கமாக விளம்பரம் என்று அலுவலக மேஜைக்கென்றே தயாரான பத்திரிகை. அதில் வந்த செய்திகள் அந்தந்த வருடத்தோடு பழசாகிப் போயின. சிரிக்க வைத்த கட்டுரைகள் நிலைத்துவிட்டன. காரணம், அவற்றை எழுதியவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல. பகல் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, தங்களைப் போலவே மல்லுக்கட்டும் இன்னொருவருக்காக எழுதிய புரோகிராமர்களும் பொறியாளர்களும்தான். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே வேலை பார்ப்பவர்கள் என்பதால் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேராக வலிக்கும் இடத்தில் கை வைக்கலாம்.

இனி வரலாறு. 1957இல் லாஸ் ஏஞ்சலஸில் கணினிக்கான உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவிகள் செய்துவந்த ஒரு கம்பெனியில் டொனால்ட் பிரெல் துணைத் தலைவராக இருந்தார். அவருக்கு இருந்த பிரச்சினை சாதாரண வியாபாரப் பிரச்சினை: தன் சரக்கை வாங்கக்கூடியவர்கள் படிக்கும் பத்திரிகை என்று ஒன்று இல்லை. விளம்பரம் கொடுப்பதென்றால் சயன்டிஃபிக் அமெரிக்கனில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிசினஸ் வீக்கில் கொடுக்க வேண்டும். இரண்டிலும் படிப்பவர்களில் பெரும்பாலோர் கணினியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சிகாகோவின் தாம்ப்ஸன் பப்ளிகேஷன்ஸ் அவருடைய யோசனையை ஏற்றுக்கொண்டு பத்திரிகையைத் தொடங்கியது. டேட்டா, ஆட்டோமேஷன் என்ற இரண்டு சொற்களை ஒட்டியது அதன் பெயர்.

இதற்கு முன்பே எட்மண்ட் பெர்க்லி 1951இல் தொடங்கிய வெளியீடு ஒன்று இருந்தது, கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஆட்டோமேஷன் என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது. அது ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் ஓடிய பத்திரிகை. டேட்டாமேஷன் சந்தைக்காகப் பிறந்தது. துறையில் வேலை பார்ப்பவர் என்று காட்டிக்கொண்டால் போதும், இலவசமாகவே அனுப்பி வைப்பார்கள். செலவை விளம்பரக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1957இல் இது துணிச்சலான முடிவுதான். ஒரு கணினி ஒரு அறையை முழுக்க அடைத்துக்கொண்ட காலம் அது. இருந்த கணினிகளே கொஞ்சம். அவற்றை நம்பி ஒரு பத்திரிகை ஓடும் என்று யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஓடியது. அறுபதுகளில் ஐபிஎம் என்ன செய்கிறது, அதோடு மோதும் மற்ற கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் இதைத்தான் புரட்டினார்கள். ராண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் துறை வல்லுநர்களைக் கூட்டிவைத்து நடத்திய உரையாடல்களின் பகுதிகளும் இதில் வந்தன. பின்னாட்களில் பெரிய கம்பெனிகளை வருமானப்படி வரிசைப்படுத்தும் டேட்டாமேஷன் 100 என்ற பட்டியலும் பேர் வாங்கியது. கனமான கட்டுரைகளுக்கும் குறைவில்லை. 1973 மே இதழில் பேரி போம் எழுதிய கட்டுரையை மட்டும் சொல்கிறேன். மொத்தக் கணினிச் செலவில் இயந்திரத்தின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும், 1985 வாக்கில் 90 சதவீதத்துக்கு மேல் மென்பொருளுக்கே போய்விடும் என்று ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். மென்பொருள் பொறியியல் பாடப்புத்தகங்களில் அந்த வரைபடம் பல வருடங்கள் வந்துகொண்டே இருந்தது.

நகைச்சுவைக்கு வருகிறேன். ஏப்ரல் இதழில் போலிக் கட்டுரைகள் போடும் வழக்கம் டேட்டாமேஷனுக்கு இருந்தது. ஆனால் நல்ல சரக்குகள் பலவும் மற்ற மாதங்களில் வந்தவை.

1962 பிப்ரவரியில் ஜாக்சன் கிரான்ஹோம் ‘கிளட்ஜ்’ ஒன்றை வடிவமைப்பது எப்படி என்று எழுதினார். கிளட்ஜ் என்றால், ஒன்றுக்கொன்று ஒத்துவராத பாகங்களைக் கண்டபடி சேர்த்து, மொத்தத்தில் பார்க்கவே வேதனையாக ஆக்கிய ஒரு சமாச்சாரம் என்று இலக்கணம் வகுத்தார். இதைக் கட்டுவது கத்துக்குட்டிகளால் ஆகிற காரியமில்லை, தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் ஒரு நேர்த்தி அதற்கு வேண்டும் என்றும் சொன்னார். கட்டுரை முழுவதும் கறாரான பொறியியல் தொனி. கிண்டல் செய்கிறோம் என்ற சாயலே தெரியாது. வாசகர்களுக்கு அது பிடித்துப்போக, மற்றவர்களும் அதே பாணியில் தொடர்ந்து எழுதினார்கள். இப்படிச் சேர்ந்த நகைச்சுவைக் கட்டுரைகள் 1966இல் புத்தகமாகவும் வந்தன. அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு ஓட்டும் வேலையை இன்றைக்கும் ஆங்கிலம் பேசும் புரோகிராமர்கள் கிளட்ஜ் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைத் துறை முழுக்கப் பரப்பியதில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 1973 டிசம்பர் இதழ். அதை ஊன்றிப் பார்த்தால் இந்தப் பத்திரிகையின் குணமே புரிந்துவிடும். பின்னணி இது: டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1968 மார்ச்சில், கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம்மின் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். புரோகிராமில் ‘கோ டூ’ கட்டளை, அதாவது இன்ன வரிக்குத் தாவு என்ற கட்டளை, கெடுதலானது என்பது அவர் வாதம். இஷ்டத்துக்குத் தாவ விட்டால், எழுதி வைத்த வரிசைக்கும் இயந்திரம் ஓடும் வரிசைக்கும் சம்பந்தம் இல்லாமல் போகும், படிப்பவரால் பின்தொடர முடியாது என்றார். ஐந்து வருடத்தில் அது பெரிய இயக்கமாகிவிட்டது. கட்டமைப்பு நிரலாக்கம் என்ற பெயரில், கோ டூ இல்லாமல் எழுதுவதே நல்லொழுக்கம் என்று ஒரு சாரார், அதெல்லாம் நடைமுறைக்கு ஆகாது என்று இன்னொரு சாரார். டேட்டாமேஷன் அந்த டிசம்பர் இதழில் இந்த விஷயத்துக்குச் சிறப்பிடம் கொடுத்தது. நிரலாக்கத்தில் ஒரு புரட்சி நடக்கிறது என்று டேனியல் மெக்ராக்கன் முகப்புக் கட்டுரை எழுதினார். அதே இதழில்தான் லாரன்ஸ் கிளார்க் என்பவரின் சின்னக் கட்டுரையும் இருந்தது. கோ டூவை ஒழிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, அதற்குப் பதிலாக ‘கம் ஃப்ரம்’ என்ற கட்டளையை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். ‘அங்கே போ’ என்பதற்குப் பதில் ‘அங்கிருந்து இங்கே வா’.

அவர் காட்டிய முதல் எடுத்துக்காட்டைத் தமிழில் சொல்கிறேன். அவர் எழுதியது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில், ஆனால் அது தெரிய வேண்டும் என்பதில்லை.

வரி 10: ஜே = 1
வரி 11: 20இலிருந்து வா
வரி 12: ஜேயை அச்சிடு, நிறுத்து
வரி 13: 10இலிருந்து வா
வரி 20: ஜே = ஜே + 2

மேலிருந்து படித்தால் ஜேயில் 1 வைத்து அதையே அச்சிட்டு நின்றுவிடும் என்று தோன்றும். அப்படி நடக்காது. வரி 10 முடிந்த உடனே, கீழே எங்கேயோ உட்கார்ந்திருக்கும் 13ஆம் வரி ‘10இலிருந்து வா’ என்று அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து 20க்குப் போய் ஜே 3 ஆகும். 20 முடிந்ததும் 11ஆம் வரி மேலே இழுத்துக்கொள்ளும். அச்சாவது 3. பத்தாம் வரியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும், அங்கிருந்து ஓட்டம் வேறெங்கோ போகப்போகிறது என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. கிளார்க் இதோடு விடவில்லை. நிபந்தனை வைத்த கம் ஃப்ரம், கணக்கிட்டு வரும் கம் ஃப்ரம் என்று ஃபோர்ட்ரானில் கோ டூவுக்கு இருந்த வகைகளுக்கெல்லாம் ஒவ்வொரு ஜோடி தயாரித்து வைத்தார்.

சிரித்து முடித்தபின் யோசித்தால் இதன் ஆழம் தெரியும். ஒரு கட்டளையை அகராதியிலிருந்து நீக்கிவிட்டால் புரோகிராம் ஒழுங்காகிவிடும் என்று அன்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிளார்க் அவர்கள் கேட்டதை அப்படியே செய்து கொடுத்தார். கோ டூ ஒன்றுகூட இல்லை, ஆனால் குழப்பம் முன்னைவிட அதிகம். கோ டூவில் எங்கே போகிறோம் என்பதாவது அந்த வரியிலேயே எழுதியிருக்கும். இதில் அதுவும் போயிற்று. டெய்க்ஸ்ட்ரா கவலைப்பட்டது ஒரு சொல்லைப் பற்றியல்ல, படிப்பவர் ஓட்டத்தைப் பின்தொடர முடிவதைப் பற்றி. இரண்டு பக்க கிண்டலில் அந்த வேறுபாடு எவ்வளவு சுத்தமாக வெளியே வருகிறது என்று பாருங்கள்! இன்னொன்றும் உண்டு. சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபோர்ட்ரானின் ‘டூ’ (DO) சுழல் ஏற்கெனவே பாதி கம் ஃப்ரம்தான். ‘டூ 100’ என்று மேலே எழுதினால், 100ஆம் வரி முடிந்ததும் ஓட்டம் மேலே திரும்பிவிடும். 100ஆம் வரியில் அதற்கான குறிப்பு எதுவும் இராது. அன்றைய வாசகர்களுக்கு இதெல்லாம் தினசரிப் பிழைப்பு. சட்டென்று பிடிபட்டிருக்கும்.

அந்தக் கட்டுரையை ஏசிஎம் சங்கமே தன் 1984 ஏப்ரல் இதழில் மறுபிரசுரம் செய்தது. டெய்க்ஸ்ட்ராவின் கடிதத்தை வெளியிட்ட அதே இதழ்! பிறகு, வேண்டுமென்றே கரடுமுரடாகச் செய்யப்பட்ட இன்டர்கல் என்ற மொழியை 1990இல் எரிக் ரேமண்ட் சி மொழியில் மறுபடி எழுதியபோது கம் ஃப்ரம் கட்டளை நிஜமாகவே அதில் சேர்ந்துகொண்டது. விளையாட்டு அதோடு நிற்கவில்லை. இன்று ஜாவா மொழியில் ஆஸ்பெக்ட் என்ற முறையில் எழுதுபவர்கள் ‘இன்ன ஃபங்ஷனை யார் கூப்பிட்டாலும் முதலில் என்னிடம் வா’ என்று எங்கோ ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறார்கள். கூப்பிட்ட இடத்தில் அதற்கு அடையாளம் இருக்காது. நள்ளிரவில் அப்படி ஒரு பிழையைத் தேடியவர்களுக்கு, கிளார்க் 1973இலேயே இந்த வேதனையை எழுதி வைத்துவிட்டார் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அப்புறம் மெல்வின் கான்வே என்ற புரோகிராமரின் கட்டுரை. இது நகைச்சுவைக் கட்டுரை இல்லை. ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிண்டலுக்கு இடம் கொடுத்த அதே மனசுதான் இதற்கும் இடம் கொடுத்தது. ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற அமைப்பின் நகலாகத்தான் அது வரும் என்பது அவர் கருத்து. ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ என்ற நிர்வாகவியல் இதழுக்கு அனுப்பினார். நீங்கள் இதை நிரூபிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டேட்டாமேஷன் 1968 ஏப்ரலில் வெளியிட்டது. அதில் அவர் தரும் எடுத்துக்காட்டு மறக்க முடியாதது. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கோபால் (COBOL), அல்கால் (ALGOL) என்ற இரண்டு கணினி மொழிகளுக்குக் கம்பைலர்கள் செய்ய எட்டுப் பேர் இருந்தார்கள். எவ்வளவு சிரமம், எவ்வளவு நேரம் என்று மதிப்பிட்டுப் பார்த்து ஐந்து பேரைக் கோபாலுக்கும் மூன்று பேரை அல்காலுக்கும் ஒதுக்கினார்கள். முடிவில் கோபால் கம்பைலர் ஐந்து கட்டங்களாக ஓடியது, அல்கால் கம்பைலர் மூன்று கட்டங்களாக ஓடியது.

கல்வித்துறைக்காரர் இதை ஆதாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், ஹார்வர்டுக்காரர்கள் சொன்னதும் ஒருவகையில் நியாயம்தான். ஆனால் ஒரு டீமில் வேலை பார்த்த எவரும் இதைப் படித்த உடனே தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை மதித்தது டேட்டாமேஷன். ஃப்ரெட் புரூக்ஸ் 1975இல் வந்த தன் புத்தகத்தில் இதைக் கான்வேயின் விதி என்று குறிப்பிட்ட பிறகு பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய மென்பொருளைச் சின்னச் சின்னத் தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் முறை பற்றி இன்று சென்னையிலோ பெங்களூரிலோ யார் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் வந்து விழுகிறது.

1983 ஜூலைக்கு வருவோம். டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த எட் போஸ்ட் ஆசிரியருக்கு எழுதிய ஒரு கடிதம் வெளியானது: உண்மையான புரோகிராமர்கள் பாஸ்கல் பயன்படுத்துவதில்லை. உண்மையான ஆண்பிள்ளை கீஷ் என்ற முட்டைப் பலகாரத்தைத் தொடமாட்டான் என்று கிண்டல் பண்ணும் புத்தகம் ஒன்று அப்போது அமெரிக்காவில் பிரபலமாக இருந்தது. போஸ்ட் அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டார். பாஸ்கல் என்ற கட்டுப்பாடான மொழியில் எழுதுபவர்கள் கீஷ் தின்பவர்கள், உண்மையான புரோகிராமர் ஃபோர்ட்ரானில்தான் எழுதுவார். ஐந்து பக்கத்துக்கு நீளும் சுழலை அசராமல் எழுதுவார். ஓடும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளும் புரோகிராமும் எழுதுவார், அதுவும் இருபது நானோ நொடி மிச்சமாகும் என்றால் சந்தோஷமாக. உறுதி இருந்தால் எந்த மொழியிலும் ஃபோர்ட்ரான் புரோகிராம் எழுதலாம் என்ற அந்தக் கட்டுரையின் வரி இன்று பழமொழியாகவே ஆகிவிட்டது. புதுமொழிக்கு மாறியும் பழைய பழக்கத்தை விடாதவரைப் பார்த்தால் இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் கிண்டல் இருக்கிற அளவுக்குப் பாசமும் இருக்கிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்த ஒரு சிஸ்டம் புரோகிராமரின் கதையைப் போஸ்ட் சொல்கிறார். தொலைவிலிருந்து ஒருவர் போன் செய்கிறார். முக்கியமான வேலையைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது சிஸ்டம் படுத்துவிட்டது. இவர் இந்தப் பக்கம் இருந்தபடியே, முன்பலகை சுவிட்சுகளை எப்படித் தட்டி டிஸ்க்குக்கான கட்டளைகளை உள்ளே போடுவது என்று சொல்லச் சொல்ல அவர் தட்டுகிறார். இயந்திரத்தின் உள்நினைவுப் பகுதியான ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று அவர் போனில் படித்துக் காட்ட, இவர் ஹெக்ஸ் எண்களிலேயே (பதினாறின் அடிப்படையிலான எண்முறை) சிஸ்டம் அட்டவணைகளைச் சரி செய்கிறார். போன கோப்பு திரும்பி வந்துவிடுகிறது. சூப்பர் கம்ப்யூட்டர்களை வடிவமைத்த சீமோர் க்ரே புது இயந்திரத்தை முதல் முறை இயக்கியபோது அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மனப்பாடமாகவே முன்பலகையில் தட்டி ஏற்றினார் என்ற கதையும் அதில் இருக்கிறது. பிறகு உண்மையான புரோகிராமரின் மேஜை: ஆறிப்போன காபிக் கோப்பைகள், சிகரெட் துண்டுகள், சுவரில் 1969ஆம் வருட ஸ்நூப்பி காலண்டர். 1983இல் இந்த மனிதர்கள் அருகிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கல்லூரியில் பாஸ்கல் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு தலைமுறையை வழியனுப்ப அவர்களுடைய பாஷையிலேயே எழுதிய கட்டுரை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அதே வருடம் எட் நேதர் யூஸ்நெட் என்ற அன்றைய கணினி வலையின் விவாதக் குழுவில் எழுதிய மெல்லின் கதை இதற்குச் சொன்ன பதில்தான். ஃபோர்ட்ரான் எல்லாம் பிற்பாடு வந்தது, நிஜமான ஆள் இயந்திர எண்களில்தான் எழுதினார் என்று அவர் மெல் என்பவரை நினைவுகூர்ந்தார்.

எண்பதுகளில் களம் மாறிவிட்டது. வாரம் ஒருமுறை வரும் கம்ப்யூட்டர்வேர்ல்ட் 1967இலிருந்தே செய்தியில் முந்திக்கொண்டிருந்தது. பைட் போன்ற பத்திரிகைகள் தனிக் கணினிக்காரர்களைப் பிடித்துக்கொண்டன. டேட்டாமேஷனின் பலமே பெரிய இயந்திர அறைகள்தான், அவை சுருங்க ஆரம்பித்தன. ஆனாலும் கடைசிக் காலத்தில் சோர்ந்து கிடக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1995லேயே இணையத்துக்குப் போய்விட்டது. அதற்காக 1996இல் இணைய வெளியீடுகளுக்கென முதல் தடவையாகக் கொடுக்கப்பட்ட ஜெஸ்ஸி நீல் என்ற பத்திரிகைத் துறை விருதையும் வாங்கியது. அந்த வருடம் ஆசிரியர் பில் செமிச் நகைச்சுவைக்கென இரண்டு பக்கங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். மார்க் ஆப்ரஹாம்ஸ், கிறிஸ் மிக்ஸனெக் ஆகியோர் எழுதினார்கள். பயனர்களைப் படாதபாடு படுத்தும் சிஸ்டம் ஆபரேட்டரின் கதைகளை நியூசிலாந்தின் சைமன் டிராவாக்லியா எழுதிக் கொடுத்தார். 1998இல் அச்சு நின்றது, தொடங்கி 41 வருடம் கழித்து. இணையத்தில் பெயர் மட்டும் பல கைகள் மாறி ஓடியது. நகைச்சுவைப் பத்தி 2001இல் நின்றுபோனது.

அந்தக் கடைசிக்காலப் பக்கங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பெரும்பாலும் கேட்டு வாங்கிப் போட்ட நகைச்சுவை அது. கிரான்ஹோமும் கிளார்க்கும் போஸ்ட்டும் எழுதியது வேலைக்கு நடுவே தானாகப் பொங்கி வந்தது. அந்த வித்தியாசம் பக்கத்தில் தெரிகிறது.

படிக்க ஆசைப்பட்டால், பழைய இதழ்களின் ஸ்கேன் பிரதிகள், பழைய கணினி ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் பிட்சேவர்ஸ் என்ற இணையதளத்தில் இருக்கின்றன. 1973 டிசம்பர் இதழிலிருந்து ஆரம்பியுங்கள். மெக்ராக்கன் கட்டுரையை முதலில் படித்துவிட்டு அப்புறம் கிளார்க்கிடம் போங்கள். வரிசை மாறினால் பாதி சுவை போய்விடும். விளம்பரங்களையும் தாண்டிவிடாதீர்கள், அன்றைக்கு எதை எதையெல்லாம் விற்றார்கள் என்று அங்கேதான் பார்க்க முடியும்.